அடுப்படிக்குப் பேசுவது எப்படி: நான்கு வார வானொலித் தொடருக்கு ஒரு முழு வழிகாட்டி

என்னுடைய முதல் வானொலி உரை ஒலிபரப்பான காலையில் நான் பினாங்கின் பிறை நகரில், அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணி தோசை வார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ்பெட்டிக்கு மேல் வானொலி. உரை முடிந்ததும் ஆவலை அடக்க முடியாமல், "எப்படி இருந்துச்சு அண்ணி?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. பாவம், யாரு தவறிட்டாரு?" என்றார்.

நான் பேசியது ஓர் எழுத்தாளரைப் பற்றி. அவர் காலமாகி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அவருடைய "மறைவுக்குப் பின் வெளிவந்த பதிப்புகள்" என்று மூன்று வரிக்கு நீண்ட ஒரு வாக்கியத்தை எழுதி வைத்திருந்தேன். அது போய்க்கொண்டிருந்தபோது அண்ணி தோசையைத் திருப்பியிருக்கிறார். காதில் விழுந்தது "மறைவு" மட்டும். அதிலிருந்து உரை முடியும்வரை அவர் இரங்கல் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

புத்தகம் படிப்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். வானொலி கேட்பவருக்கு அந்த வசதி இல்லை, கையும் சும்மா இல்லை. கீழே நான் சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தத் தோசைக்கல்லை வைத்துத்தான்.

வாசகர் வட்டத்துக்கோ, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் குழுவுக்கோ, கோயில் இளைஞர் பிரிவுக்கோ வானொலியில் நான்கு வாரம், வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் பெரும்பாலும் கேட்கப்படுபவை நான்கு பொருள்கள்: இலக்கியம், பருவம், தொழில்நுட்பம், குழந்தை நலம். பினாங்கில் உட்கார்ந்துகொண்டு இந்த நான்கையும் எப்படித் திட்டமிட்டு, எழுதி, பதிவு செய்து அனுப்புவது என்று பார்ப்போம்.

முதல் படி: தலைப்புக்கு முன் நேரத்தைக் கேளுங்கள்

அழைப்பு வந்ததும் நம்மவர்கள் உடனே தலைப்பு யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். தலைப்பு எங்கும் ஓடிவிடாது. முதலில் நிலையத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு? நேரலையா, பதிவா? பதினைந்து நிமிடம் என்றால் உண்மையில் எத்தனை நிமிடம்? அடையாள இசை, விளம்பரம், அறிவிப்பாளரின் முன்னுரை எல்லாம் போக நம் கையில் பன்னிரண்டு நிமிடம் மிஞ்சினால் பெரிது. பதினைந்துக்கு எழுதிக்கொண்டு போனால், வெட்டுவது நீங்களாக இருக்க மாட்டீர்கள். வெட்டப்படுவதும் பெரும்பாலும் கடைசியில் வைத்திருந்த நல்ல பகுதியாகத்தான் இருக்கும்.

நேரம் தெரிந்தால் கேட்பவர் யார் என்பது தெரியும். காலை ஏழு மணி என்றால் பினாங்குப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் கார்களும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்களும். பத்து மணி என்றால் அடுப்படி, தையல் கடை, முடிதிருத்தகம். இரவு பதினொன்று என்றால் ஜாகா (காவல்) வேலை செய்பவர், லோரி ஓட்டுநர், இரவு வேலையில் இருக்கும் தாதியர். ஒரே செய்தியை இந்த மூன்று பேருக்கும் ஒரே மாதிரி சொல்ல முடியாது. பாலத்தில் இருப்பவரிடம் "ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் நடக்கிற காரியமா?

எந்த நிலையம் என்பதையும் மனத்தில் வையுங்கள். இந்த நாட்டில் ரேடியோ மலாயா 1946-இல் தொடங்கியது. அந்த அரசு வானொலிப் பரம்பரையில் வருவது கோலாலம்பூர் அங்காசாபுரியிலிருந்து ஒலிக்கும் மின்னல் எப்.எம். அங்கே தமிழ் கொஞ்சம் இஸ்திரி போட்டு வரும். ராகா போன்ற தனியார் அலைவரிசையில் பேச்சு வேகம், சிரிப்பு அதிகம். எங்கே போகிறீர்களோ அந்த நிலையத்தை, உங்களுக்குக் கொடுத்த அதே நேரத்தில், ஒரு வாரம் கேளுங்கள். உங்கள் நிகழ்ச்சிக்கு முன்னால் என்ன பாட்டு போடுகிறார்கள் என்பதுகூட உதவும். குத்துப்பாட்டு முடிந்த கையோடு, "பேரன்பு கொண்ட நேயப் பெருமக்களே" என்று தொடங்கினால் பல்லில் கல் கடித்த மாதிரி இருக்கும்.

இரண்டாம் படி: நாட்காட்டியை மேசையில் விரியுங்கள்

நான்கு பொருளையும் எந்த வரிசையில் வைப்பது? இலக்கியத்தை முதலில் வைப்பது மரியாதை என்று நினைப்போம். நான் நாட்காட்டி சொல்வதைக் கேட்பேன். தொடர் அக்டோபரில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும்தான் மழை அதிகம் கொட்டும் மாதங்கள். ஆகவே பருவ நிகழ்ச்சியை முதல் வாரத்தில் வையுங்கள். கேட்பவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலே உங்கள் பேச்சுக்குச் சாட்சி இருக்கும். மலேசியாவில் குழந்தைகள் தினம் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. அந்த வாரம் குழந்தை நலத்துக்கு. மீதி இரண்டு வாரத்தில் முதலில் தொழில்நுட்பம், அடுத்து இலக்கியம். தீபாவளி நெருங்குகிற வாரத்தில் எதையும் வைக்காமல் இருப்பது நல்லது. அந்த நேரத்தில் முறுக்குதான் ஜெயிக்கும்.

வரிசை முடிவானதும், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். இதைக் கேட்ட ஒருவர் மத்தியானம் பக்கத்து வீட்டாரிடம் என்ன சொல்வார் என்பதே அந்த வாக்கியம். "ரேடியோவுல சொன்னாங்க, வாரத்துக்கு ஒரு தடவை பூந்தொட்டித் தட்டைக் கவிழ்க்கணுமாம்" என்பது போல. அப்படி ஒரு வாக்கியம் வரவில்லை என்றால் அந்த நிகழ்ச்சி இன்னும் தயாராகவில்லை.

மூன்றாம் படி: பருவ நிகழ்ச்சி

இதில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். நம்மிடம் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது இருக்கிறது. அழகான பட்டியல். அதை அப்படியே எடுத்து வந்து "பனி கொட்டும் மார்கழிக் காலையில்" என்று பினாங்கில் வாசித்தால், மின்விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு கேட்பவருக்குச் சிரிப்பு வரும். நானே ஒருமுறை வாசித்திருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு நேயர், "ஐயா, பனி எந்தத் தாமான்ல கொட்டுது, போய்ப் பார்க்கலாமா?" என்று குரல் செய்தி அனுப்பினார்.

இங்கே பருவத்தைக் காற்றுதான் பிரிக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அது கிளந்தான், திரங்கானு, பகாங் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வருகிறது. நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் நிற்பதால் மேற்குக் கரையில் இருக்கும் நமக்கு அந்த ஈரத்தில் பெரும்பகுதி வந்து சேர்வதில்லை. அதனால்தான் சனவரி, பிப்ரவரியில் பினாங்கும் கெடாவும் காய்ந்து கிடக்கின்றன. தைப்பூசம் அந்த வறட்சியின் நடுவே வருகிறது. பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தாரின் சூடு தெரியும். வழி நெடுக அத்தனை தண்ணீர்ப் பந்தல்கள் எதற்கு என்பதும் தெரியும். பருவ நிகழ்ச்சியை இந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். வரைபடம் இல்லாமலே வடகிழக்குப் பருவக்காற்று கேட்பவரின் காலடிக்கு வந்துவிடும்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் காற்று திசை மாறும். அப்போது பிற்பகல் இடி, மாலை மழை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அதில் இரண்டு விஷயம் பேசத் தகுந்தவை. ஒன்று, விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டி வரும் சூறைக்காற்று. துணிக்கொடியோடு கைலி பறந்துபோன கதை எல்லார் வீட்டிலும் இருக்கும். இன்னொன்று புகைமூட்டம். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிமண் காடுகள் எரியும்போது, அதே காற்று புகையை நம் பக்கம் தள்ளுகிறது. 1997, 2005, 2013, 2015, 2019 என்று பெரிய புகை ஆண்டுகளை மக்கள் இன்னும் மறக்கவில்லை. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது.

இந்தக் குறியீட்டை, அதாவது ஐ.பி.யு. எண்ணை, வானொலியில் சொல்லும் விதம் தனி. 0 முதல் 50 வரை நன்று, 51 முதல் 100 வரை மிதம், 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது, 201 முதல் 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் அபாயம். இதை இப்படியே வாசித்தால் ஒருவர் மனத்திலும் நிற்காது. நான் முதலில் எழுதியது இது:

"காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 101-க்கும் 200-க்கும் இடைப்பட்ட ஆரோக்கியமற்ற நிலையை எட்டும்போது, ஆஸ்துமா உள்ளிட்ட சுவாசப் பிரச்சினைகளைக் கொண்டவர்கள், முதியோர் மற்றும் குழந்தைகள் வெளிப்புற நடவடிக்கைகளைக் குறைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்."

திருத்தி எழுதியது:

"காலையில் ஜன்னலைத் திறந்ததும் எதிர் புளோக்கைப் பாருங்கள். மேல் மாடி மங்கலாகத் தெரிகிறதா? கைப்பேசியில் ஐ.பி.யு. எண்ணைப் பாருங்கள். நூறு. இந்த ஓர் எண்ணை நினைவில் வையுங்கள். நூறைத் தாண்டிவிட்டால் பாட்டி இன்று நடக்கப் போக வேண்டாம். இழுப்பு இருக்கிற பிள்ளை மைதானத்துக்குப் போக வேண்டாம். மருந்து பையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்."

ஒன்றைத் தவிர மற்ற எண்களைத் தூக்கிவிட்டேன். மனசு வலித்தது. ஆனால் மிச்சமிருந்த ஒன்று நின்றது.

மழை வாரத்துக்கு இன்னொரு நல்ல வழி உண்டு, வெள்ளத்தின் நினைவு. 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பினாங்கில் கொட்டிய மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் "தண்ணீர் எது வரைக்கும் வந்தது?" என்று மட்டும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். "சாமி மேடைக்கு ஒரு சாண் கீழே வரைக்கும்" என்று ஒருவர் சொல்வார். சென்டிமீட்டரில் சொன்னால் இந்த உயரம் தெரியாது. அதைத் தொடர்ந்து மழைக்குப் பிந்தைய வேலை: ஏடிஸ் கொசு தெளிந்த தண்ணீரில் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். ஆகவே வாரம் ஒரு முறை தொட்டித் தட்டு, வாளி, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் இதோ கிடைத்துவிட்டது.

பழப் பருவத்தையும் விடாதீர்கள். பாலிக் பூலாவ் டுரியான் மே, ஜூன் வாக்கில் இறங்க ஆரம்பிக்கும். இரண்டு நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் எந்த டுரியான் உசத்தி என்று தொலைபேசியில் சண்டை வந்துவிடும்.

நான்காம் படி: இலக்கிய நிகழ்ச்சி

பன்னிரண்டு நிமிடத்தில் "மலேசியத் தமிழ் இலக்கியம்: தோற்றமும் வளர்ச்சியும்" பேசலாம் என்று யாராவது சொன்னால் அன்போடு கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒரு கதை. அதில் ஒரு காட்சி. முடிந்தால் அதில் ஒரு பொருள். அவ்வளவுதான் தாங்கும்.

உதாரணமாக, நம் எழுத்தாளர்கள் மறுபடி மறுபடி போய்வந்த இடம் சயாம் மரண ரயில். 1942, 1943 ஆண்டுகளில் சப்பானியர் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டருக்குப் போட்ட தண்டவாளம் அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். இதைப் பற்றிய கதையொன்றை எடுத்தால் போரின் முழு வரலாற்றையும் சொல்ல வேண்டாம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் ஒருவர் லோரியில் ஏறுகிறார். வீட்டிலிருந்து கையில் எதை எடுத்துக்கொண்டு போகிறார்? அந்தப் பத்தியை மட்டும் வாசியுங்கள். வாசித்துவிட்டு ஐந்து விநாடி அமைதி. வானொலியில் ஐந்து விநாடி மிக நீளம்; நிலையத்துக்காரர் பயந்துவிடுவார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உங்கள் குடும்பத்திலேயே யாராவது அந்த ரயிலுக்குப் போனவரின் மகனோ பேத்தியோ இருக்கலாம். பினாங்கிலும் பேராக்கிலும் இது அரிதில்லை. ஒரு நிமிடம் அவரைப் பேச வையுங்கள். கதையும் சாட்சியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், விமரிசனம் என்று தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பதிப்புரிமையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுளும் அவர் மறைந்த பிறகு 50 ஆண்டும் உரிமை உண்டு. மறைந்த ஆண்டுக்கு அடுத்த சனவரியிலிருந்து கணக்கு. 1921-இல் மறைந்த பாரதியைத் தாராளமாக வாசிக்கலாம். பினாங்கில் வாழ்ந்த எழுத்தாளர் ரெ. கார்த்திகேசு 2016-இல் மறைந்தார்; அவருடைய எழுத்துக்கு 2066 முடியும்வரை உரிமை இருக்கும். அவர் இளமையில் வானொலியில் வேலை பார்த்தவர், பிறகு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் பேராசிரியர். வானொலியில் இலக்கியம் பேச அவர் நல்ல தலைப்பு. ஆனால் நீண்ட பகுதி வாசிக்க வேண்டுமானால் குடும்பத்தாரிடமோ பதிப்பாளரிடமோ எழுத்தில் அனுமதி கேளுங்கள். உயிரோடு இருக்கும் எழுத்தாளர் என்றால் நேராகப் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், "நானே வாசிக்கட்டுமா?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று முன்னாடியே யோசித்துக்கொண்டு போங்கள். எல்லா எழுத்தாளரும் நன்றாக வாசிப்பதில்லை.

பழைய சிறுகதை தேடுகிறவர்கள் பழைய நாளிதழ்களின் ஞாயிறு மலர்களைப் புரட்டுங்கள். 1924-இல் தொடங்கி 2019 வரை வந்த தமிழ் நேசன் போன்ற தாள்களின் வழியாக எழுத வந்தவர்கள் இங்கே ஏராளம்.

ஐந்தாம் படி: தொழில்நுட்ப நிகழ்ச்சி

இதில் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் செய்ய வேண்டியதும் சுருக்கம்தான். எதிர்காலத்தில் ரோபோ வருமா என்றெல்லாம் போகாதீர்கள். காலை பத்து மணிக்கு வானொலி கேட்கும் அம்மாவின் கைப்பேசிக்கு வரும் அழைப்பைப் பற்றிப் பேசுங்கள். "உங்கள் பெயரில் ஒரு பார்சல் வந்திருக்கிறது, அதில் போதைப்பொருள் இருக்கிறது, போலீஸுக்கு இணைக்கிறேன்" என்று ஒரு குரல். மக்காவ் மோசடி என்று நாம் சொல்வது இதைத்தான்.

இதை விளக்காமல் நடித்துக் காட்டுங்கள். ஒருவர் மோசடிக்காரர், ஒருவர் அக்கா. இரண்டு நிமிடம். அக்கா ஏமாறப்போகிற இடத்தில் நிறுத்தி, "இங்கே போனை வையுங்கள்" என்று சொல்லுங்கள். பிறகு மூன்று செய்தி: வங்கிப் பரிமாற்றத்தை உறுதிசெய்யும் டேக் எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, போலீசார் தொலைபேசியில் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்ல மாட்டார்கள், பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 997-க்கோ வங்கிக்கோ அழைக்க வேண்டும். 997 தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண். பணம் கை மாறிக்கொண்டே போகும், அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஏமாந்தவரை "படிச்சவங்க, இதுகூடத் தெரியலையா?" என்று கேட்கும் தொனி எங்கேயும் வரக் கூடாது. வந்தால், ஏமாந்தவர் வீட்டில் சொல்லாமல் மறைத்துவிடுவார்.

நேரம் மிஞ்சினால் ஒரு நல்ல செய்தியும் வையுங்கள். தமிழில் குறுஞ்செய்தி அடிப்பது இன்று சாதாரணம். அதன் முன்கதையில் கோலாலம்பூருக்குப் பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சல் என்ற கணினித் தமிழ் மென்பொருளும், பின்னர் கைப்பேசிக்கு வந்த செல்லினமும் இங்கே பிறந்தவை. பாட்டிகள் இதைக் கேட்டால் பேரனிடம் போய் "எனக்கும் தமிழ் போட்டுக்கொடு" என்று நிற்பார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு பாட்டிகள் நின்றிருக்கிறார்கள்.

ஆறாம் படி: குழந்தை நல நிகழ்ச்சி

இங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர் எல்லாரும் சிறார். அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு ஊடகத்துக்கு எல்லை போடுகிறது: வழக்கிலோ பாதுகாப்பு நடவடிக்கையிலோ சம்பந்தப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எதையும் வெளியிடக் கூடாது. வானொலிக்கு முகம் இல்லை என்று மெத்தனமாக இருந்துவிடாதீர்கள். குரலே முகம். "செபெராங் ஜெயாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால், ரொட்டிக் கடை வைத்திருப்பவரின் இரண்டாவது பெண்" என்று சொல்லிவிட்டுப் பெயரை மறைத்தால் என்ன பயன்?

நான் இதில் ஒருமுறை தப்பினேன். ஒன்பது வயதுப் பையனிடம் மதிய உணவைப் பற்றிப் பேசிப் பதிவு செய்திருந்தேன். வம்பில்லாத பேச்சு. அனுப்புவதற்கு முந்தின இரவு மறுபடி கேட்டபோதுதான் கவனித்தேன்: நடுவில் தன் பள்ளியின் பெயர், வகுப்பு, ஓர் ஆசிரியரின் பட்டப்பெயர், அவர் யாரை எப்படித் திட்டுவார் என்பது எல்லாம் சொல்லியிருந்தான். எட்டு விநாடிதான். வெட்டினேன். அன்றிலிருந்து பிள்ளைகள் பேசிய பதிவை இரண்டு பேர் கேட்காமல் அனுப்புவதில்லை.

அனுமதி இரண்டு பேரிடம் வாங்க வேண்டும். பெற்றோர் எழுத்தில் தருவது ஒன்று. பிள்ளையிடமே கேட்பது இன்னொன்று. "தம்பி, நீ பேசுறது ரேடியோவுல வரும், உன் கூட்டாளிகளும் கேட்பாங்க. சரியா? வேணாம்னு தோணுனா எப்ப வேணும்னாலும் சொல்லலாம்." அவன் தயங்கினால் மைக்கை மூடிவிடுங்கள், அம்மா "பேசுடா, பேசுடா" என்று முதுகில் தட்டினாலும்.

என்ன பேசுவது? நம் சமூகத்தில் அன்றாடம் தொந்தரவு தரும் விஷயங்களை எடுங்கள். பிறப்புப் பதிவு ஒன்று. தீபகற்பத்தில் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பதிய வேண்டும். தள்ளிப்போட்டால் பின்னால் பள்ளிச் சேர்க்கை, அடையாள அட்டை என்று ஒவ்வொரு கதவிலும் நிற்க வேண்டியிருக்கும். கைப்பேசி ஒன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இதைச் சொல்லிவிட்டு, கைப்பேசி இல்லாமல் சோறு ஊட்டும் பாட்டி ஒருவரைக் கண்டுபிடித்துப் பேச வையுங்கள். அவர் சொல்வதைக் கேட்பார்கள்.

அடி, துன்புறுத்தல் பற்றிப் பேசினால், உதவி எண்ணை நிகழ்ச்சிக் கடைசியில் ஒரே மூச்சில் சொல்லி முடிக்காதீர்கள். தாலியான் காசே எண் 15999. அதை மூன்று இடத்தில் வையுங்கள்: தொடக்கத்தில், நடுவில், முடிவில். "பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரத்து" என்று வாசித்தால் யாரும் அழுத்த மாட்டார்கள். "ஒன்று. ஐந்து. ஒன்பது, ஒன்பது, ஒன்பது." மெதுவாக, இரண்டு தடவை. உடனடி ஆபத்து என்றால் 999. அழைக்கத் தோன்றுகிறவர் வீட்டில், அடிக்கிறவரும் அதே வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆகவே "பக்கத்து வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால்" என்று அக்கம்பக்கத்தாரைப் பார்த்தும் பேசுங்கள்.

ஏழாம் படி: காதுக்கு எழுதுவது

நான்கு நிகழ்ச்சிக்கும் பொதுவான எழுத்து வேலை இது. என் வாசிப்பு வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல். உங்களுடையதை ஒரு பக்கம் வாசித்து அளந்துகொள்ளுங்கள். என் கணக்கில் பன்னிரண்டு நிமிடத்துக்கு 1,200 சொல். நேர்காணல் இருந்தால் அதில் பாதி.

வாக்கியம் ஒரு மூச்சில் முடிய வேண்டும். "அவர்", "அது", "மேற்கூறிய" எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். யார், எது என்று பெயரையே திரும்பச் சொல்லுங்கள். எழுத்தில் அது குறை, காதில் உதவி. முக்கியமான சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வையுங்கள். தமிழ் அதற்குத் தோதாக இடம் கொடுக்கும்: "நூறைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது" என்பதை விட "ஆபத்து தொடங்குவது நூறில்" நன்றாக நிற்கும். பிரதியில் எண்களை எழுத்தால் எழுதிக்கொள்ளுங்கள். மைக் முன்னால் 2,017 என்பதைப் பார்த்துத் தடுமாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். காகிதத்தின் ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள், பெரிய எழுத்தில், பக்கத்தின் கடைசியில் வாக்கியம் உடையாமல். பக்கம் திருப்பும் சத்தம் ஒலிபரப்பில் புயல் மாதிரி கேட்கும்.

நேர்காணலில் "உங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று கேட்காதீர்கள். தண்ணீர்ப் பந்தல் போடும் அண்ணனிடம் அப்படிக் கேட்டால் "ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு" என்று முடித்துவிடுவார். "அண்ணே, முதல் குவளை மோரை எத்தனை மணிக்கு ஊத்துனீங்க? யாருக்கு?" என்று கேளுங்கள். அப்புறம் அவரை நிறுத்துவதுதான் கஷ்டம்.

எட்டாம் படி: பதிவு

நிலையத்தின் ஒலிப்பதிவுக் கூடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம், நல்ல கைப்பேசி போதும். துணி அடுக்கிய அலமாரியைத் திறந்து, அதைப் பார்த்து உட்காருங்கள். துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். விசிறியையும் ஏர்கோனையும் நிறுத்துங்கள். வேர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். மைக் வாய்க்கு ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்வாக இருக்கட்டும். "பருவம்", "பள்ளி", "பினாங்கு" என்று நம் பேச்சில் பல சொற்கள் பகரத்தில் தொடங்குகின்றன. நேராகப் பேசினால் ஒவ்வொரு பகரமும் மைக்கில் குத்தும்.

பேசி முடித்ததும் எழுந்துவிடாமல் முப்பது விநாடி அறையின் சும்மா சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டும். தகரக் கூரை வீட்டில் மழை வந்தால் பதிவை விட்டுவிடுங்கள், ஆனால் அந்த மழையைத் தனியாகப் பதிவு செய்து வையுங்கள். பருவ நிகழ்ச்சிக்கு அதைவிட நல்ல தொடக்க இசை கிடைக்காது.

ஒன்பதாம் படி: முன்னோட்டம்

வரும் வாரம் என்ன நிகழ்ச்சி என்று நிலையம் முப்பது விநாடி அறிவிப்புப் போடும். அதை நீங்களே எழுதிக் கொடுங்கள். அவர்களிடம் விட்டால் "பயனுள்ள பல தகவல்களுடன்" என்று வரும். நான் பருவ நிகழ்ச்சிக்கு எழுதியது இது:

"மார்கழி மாதம். குவாந்தானில் தங்கச்சி வீட்டு வாசலில் வெள்ளம். பினாங்கில் அக்கா வீட்டுச் செடி தண்ணீர் இல்லாமல் வாடுகிறது. ஒரே நாடு, ஒரே மாதம். ஏன் இப்படி? செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சொல்கிறோம். அடுப்பை அணைக்க வேண்டாம், வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும்."

ஒரு கேள்வி, ஒரு நாள், ஒரு நேரம். பேச்சாளரின் பட்டங்களுக்கு இதில் இடமில்லை. கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கடைசியாக, அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. பதிவைக் கைப்பேசியில் போட்டு அடுப்படி அலமாரியில் வையுங்கள். சத்தம் பாதி. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுங்கள், ஒரு கரண்டி எண்ணெயில் கடுகைத் தாளியுங்கள். எந்த இடத்தில் பேச்சு கைநழுவுகிறதோ அந்த வரியைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, அதை மட்டும் திருத்தி மறுபதிவு செய்யுங்கள். நான் இந்தச் சோதனையை அண்ணி வீட்டில்தான் செய்கிறேன். போன முறை பதினொன்றாவது நிமிடத்தில் அவர் கரண்டியை வைத்துவிட்டு, "அந்த நம்பரைத் திரும்பச் சொல்லு தம்பி" என்றார். அந்த இடத்தில் எண்ணை நான் ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன்.